ஒரு பக்க ஹெட்லைட் மட்டும் மங்குவது ஏன்?

கேள்வி: என்னிடம் 1995ஆம் ஆண்டு அம்பாசடர் கார் உள்ளது. 60/55 வாட்ஸ் ஹாலஜன் பல்பு போட்டிருக்கிறேன். சென்ற ஆண்டு வண்டிக்குப் பெயின்ட் அடித்த பிறகு, இடப்பக்க ஹெட்லைட் மட்டும் அகல் விளக்குபோல் மங்கலாக எரிகிறது. லோ பீமில் ஓட்டும்போதே, ஹை பீமைக் காட்டும் டாஷ்போர்டு விளக்கும் லேசாக மினுங்குகிறது. பல்பை இரண்டு முறை மாற்றிவிட்டேன். எலக்ட்ரீஷியனோ ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். பழுது எங்கே என்பதற்கான துப்பு உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பேட்டரி, லைட் சுவிட்ச், டிம் சுவிட்ச் ஆகியவை இரு பக்கங்களுக்கும் பொது என்பதால், அவற்றில் கோளாறு என்றால் இரண்டு விளக்குகளும் சேர்ந்தே மங்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் மங்கி, கூடவே சம்பந்தமில்லாத விளக்கு மினுங்கினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்தப் பக்கத்து எர்த்தைத்தான் (மின்சாரம் பல்பிலிருந்து வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு). எர்த் வழி அடைபட்டதும், லோ பீம் இழைக்கு வந்த மின்சாரம் அதே பல்பின் ஹை பீம் இழைக்குள் புகுந்து, அந்த ஒயர் வழியாக வலப்பக்க விளக்குக்கும் டாஷ்போர்டு விளக்குக்கும் போய், பேட்டரிக்குத் திரும்ப வேறு வழி தேடுகிறது. அதனால்தான் அந்தச் சிறு விளக்கு மினுங்குகிறது.

இதை உறுதிசெய்ய மல்டிமீட்டர் ஒன்று போதும். அதை 20 வோல்ட் டிசியில் வைத்து, கனெக்டரைப் பல்பிலிருந்து கழற்றாமல், லோ பீமை எரியவிட்டு, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், சிவப்பு முனையைப் பல்பின் எர்த் காலிலும் (பெரும்பாலும் கறுப்பு ஒயர்) வையுங்கள். எர்த் நன்றாக இருந்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டாது. இரண்டு மூன்று வோல்ட் காட்டினால் பழுது அங்கேதான். விளக்கை அணைத்துவிட்டு ஓம் (மின்தடை) அளவில் சோதித்து, "ஒயர் சரியாகத்தான் இருக்கிறது" என்று முடிவுசெய்வது பலரும் செய்யும் தவறு. ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் ஓம் மீட்டர் திருப்தியடைந்துவிடும். ஆனால் விளக்குக்கு வேண்டிய நாலரை ஆம்பியரை அந்த ஒற்றை இழையால் சுமக்க முடியாது.

அடுத்து, எர்த் ஒயர் பாடியில் முறுக்கப்பட்டிருக்கும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். பெயின்ட் அடித்தபோது அந்த இடத்திலும் பூசியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. உப்புத்தாளால் தகரம் பளபளக்கும்வரை தேயுங்கள். டெர்மினலில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் தேய்ப்பதைவிடப் புதிதாக மாற்றுவதே நல்லது. பல்வைத்த வாஷரோடு இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவுங்கள். மீண்டும் அளந்து பார்க்காமல் வேலை முடிந்ததாகக் கொள்ளாதீர்கள்.

கேள்வி: என் பழைய காரில் வெளிச்சம் அதிகரிக்க 100/90 வாட்ஸ் பல்பு போடலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: கூடாது. ஹை பீமில் இரு பல்புகளும் சேர்ந்து சுமார் 17 ஆம்பியர் இழுக்கும். ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இல்லாத பழைய வண்டியில் அவ்வளவும் சுவிட்ச் வழியாகவே போவதால், சுவிட்சும் ஹோல்டரும் உருகிவிடக்கூடும். பழைய ஒயரிங்கில் வோல்டேஜ் வழியிலேயே குறைவதுண்டு; பல்புக்குப் போய்ச்சேரும் வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறையும். எனவே ஹை பீமுக்கும் லோ பீமுக்கும் தனித்தனி ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுங்கள். 60/55 பல்பே இழந்த வெளிச்சத்தைத் திரும்பத் தரும்; எதிரே வருபவரின் கண்ணையும் கூசவைக்காது.