ஜப்பான் சூப்பர்மார்க்கெட்டில் எதை எடுப்பது, எதை விடுவது? – கேள்வி பதில்

டோக்கியோவின் நிஷிகசாயில் பல ஆண்டுகளாகக் குடும்பம் நடத்திவரும் அக்கா ஒருவர், புதிதாக ஜப்பான் வந்த தமிழர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

வந்த நாளிலிருந்து முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும்தான், அக்கா. வேறு எதைத் தைரியமாக எடுக்கலாம்?

பாதிக் காய்கறிகள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவைதாம், தம்பி. மண் ஒட்டியிருக்கும் சாத்தோஇமோ நம் சேப்பங்கிழங்கு. ரென்கோன் தாமரைக்கிழங்கு. கோயா பாகற்காய், ஓகினாவாக்காரர்கள் அதை டோஃபுவும் முட்டையும் போட்டு வதக்குவார்கள், நம் பொரியலுக்குக் குறைந்ததில்லை. தைகோன் முள்ளங்கியில் இலைப்பக்கம் இனிக்கும், நுனி காரும். சாம்பாருக்கு எந்தத் துண்டு, துருவித் தயிரில் போட எந்தத் துண்டு என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள். கபோச்சா பூசணிக்குத் தோல் சீவ வேண்டாம்.

தண்ணீர்ப் பையில் ஒரு சாம்பல் நிறக் கட்டி, கறுப்புப் புள்ளிகளுடன். வாங்கிவிட்டேன், திறந்தால் மீன் வாடை!

கொன்னியாக்கு. மீனே அதில் கிடையாது. நம் சேனைக்கிழங்கின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிழங்கை மாவாக்கி, சுண்ணாம்பு சேர்த்து உறையவைக்கிறார்கள். புள்ளிகள் கடற்பாசித் தூள். கிழங்கு பெரும்பாலும் குன்மா மாநிலத்தில் விளைகிறது. கட்டியில் ஏறக்குறைய 97 விழுக்காடு தண்ணீர்தான், தனிச்சுவை எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

சில நிமிடம் கொதிக்கவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள், வாடை போய்விடும். கத்தியால் அரியாமல் கையால் பிய்த்தால் மசாலா நன்றாகப் பிடிக்கும். எண்ணெய் விடாமல் வாணலியில் ஈரம் வற்றப் புரட்டி, பிறகு சோயா சாஸும் காய்ந்த மிளகாயும். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் மிகச் சிறிதாக நறுக்குங்கள், தொண்டையில் சிக்கும்.

நான் சைவம். பொட்டலத்தில் மீன் படம் இல்லாவிட்டால் வாங்கலாமா?

கூடாது. இந்த நாட்டில் மீன் படத்தில் இருக்காது, சாறில் இருக்கும். சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, கட்டையாக உலர்த்திச் சீவுவதுதான் கட்சுவோபுஷி. மாசிக் கருவாடு தெரிந்தவர்களுக்கு வியப்பு இருக்காது, மீன் அதேதான். அதன் சாறு நூடுல்ஸ் சூப்பிலும், முட்டைச் சுருளிலும், அரிசி முறுக்குகளிலும்கூட நுழைந்துவிடும். மிசோ என்ற நொதித்த சோயா விழுது வாங்கும்போது 'தாஷி இரி' (சாறு சேர்த்தது) என்று போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். பெரும்பாலும் மீன் சாறு கலந்தது. ஜப்பானியக் கறிக் குழம்பு வைக்கக் கரைக்கும் ரூ கட்டிகளில் மாட்டுக் கொழுப்பு சகஜம்.

பொட்டலத்தில் உள்ள ஒவ்வாமைக் கட்டத்தைப் பார்த்து ஏமாறுபவர்கள் பலர். முட்டை, பால், இறால், நண்டு போன்றவற்றை அதில் போடுவது கட்டாயம். மீனும் மாட்டிறைச்சியும் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. ஆகவே முழுப் பட்டியலையும் படிக்க வேண்டும்; கைப்பேசிக் கேமராவே மொழிபெயர்த்துவிடும். பொருள்கள் எடை வரிசையில் இருக்கும், சாய்கோட்டுக்கு (/) பின்னால் வருபவை சேர்க்கைப் பொருள்கள்.

மீன் சாறுக்கு மாற்று கேட்பீர்கள். கொம்பு என்ற கடற்பாசி. வேதியியலாளர் இக்கேதா கிக்குனாயே 1908இல் சுவையூட்டும் குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்தது அதிலிருந்துதான். இரவு தண்ணீரில் ஒரு துண்டு போட்டுவைத்தால் காலையில் சாறு தயார். என் வீட்டு ரசத்திலும் அது உண்டு, மாமியாருக்கு மட்டும் சொல்லவில்லை.

நாட்டோ கெட்டுப்போனதா, இல்லை அப்படித்தான் நாறுமா?

அப்படித்தான். சோயாவை ஒரு பாக்டீரியாவால் நொதிக்கவைப்பதில் வரும் நூலும் வாடையும் அது. நூல் நுரைக்கும்வரை கலக்கி, சுடுசோற்றில், கூட வரும் கடுகுடன் சாப்பிடுங்கள். கூடவே வரும் சாஸ் பொட்டலத்தில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். பிடிக்காவிட்டால் விடுங்கள், ஒசாகா பக்கத்து ஜப்பானியர்களிலேயே முகம் சுளிப்பவர்கள் உண்டு. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் தொடவே கூடாது, வைட்டமின் கே மருந்தை முறித்துவிடும்.

சமையலில் ஊற்றும் இனிப்பான மிரின் மதுவா?

ஹொன்மிரின், அதாவது அசல் மிரின், மதுதான், ஆல்கஹால் சுமார் 14 விழுக்காடு. 2019இல் நுகர்வு வரி 10 விழுக்காடானபோது உணவுக்கு 8 என்று விட்டார்கள். மது என்பதால் ஹொன்மிரினுக்கு அந்தச் சலுகை கொடுக்கவில்லை. 'மிரின்ஃபூ' என்ற மிரின் போலியில் ஆல்கஹால் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

மாலையில் பாதி விலை ஒட்டிய பெட்டிகளை வாங்கலாமா?

தாராளமாக. நான் அதற்காகவே கடை மூடும் நேரத்தில் போகிறேன். ஷோஹிகிகென் என்று தேதி போட்டிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். ஷோமிகிகென் என்றால் சுவைக்கான கெடுதான், ஓரிரு நாள் தள்ளினாலும் மோசமில்லை. சூஷியை மட்டும் மறுநாளுக்கு வைக்காதீர்கள்.