புயலுக்குள் இன்னொரு சுழலா?

கேள்வி: 1978 சூறாவளியில் எங்கள் வளவுத் தென்னைகள் எல்லாம் முறிந்து விழ, அடுத்த வளவு அப்படியே தப்பியதாம். பெரிய புயலுக்குள் சின்னச் சுழல் ஒன்று புகுந்திருக்கும் என்பார் அம்மம்மா. அப்படி நடக்குமா ஐயா?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: நடக்கும் மகள். டோர்னாடோ என்னும் குறுகிய, கடுமையான சுழல்காற்று பெரிய புயலுக்குள்ளும் பிறக்கும். 2004இல் அமெரிக்காவைத் தாக்கிய ஐவன் சூறாவளி நூற்றுக்கும் மேற்பட்ட டோர்னாடோக்களைக் கிளப்பியது. புயல் கரையேறும்போது மரமும் வீடும் தரையோரக் காற்றைப் பிடித்து இழுக்கும். மேலே ஓடும் காற்றை யார் பிடிப்பது? கீழே மெதுவாகவும் மேலே வேகமாகவும் ஓடுவதால், உள்ளங்கைகளுக்கிடையே திரி உருட்டுவதுபோல நடுவில் காற்று படுக்கையாக உருளும். மழைமேகத்துக்குள் மேலெழும் காற்று அதைத் தூக்கி நிமிர்த்தினால் சுழல் தயார். பெரும்பாலானவற்றுக்குச் சில நிமிட ஆயுள்தான். கொட்டும் மழையில் கண்ணுக்கும் தெரியாது.

ஆனால் அம்மம்மாவின் கதை இதில் அவ்வளவாகப் பொருந்தவில்லை. நம் அரைக்கோளத்தில் இவை அதிகம் வருவது, புயல் போகும் திசையைப் பார்த்து நின்றால் வலது முன்பக்கத்தில். அதுவும் மையத்தை விட்டு விலகிய வெளி மழைப்பட்டைகளில். நவம்பர் 23இல் அந்தச் சூறாவளி கிழக்கேயிருந்து வந்து மட்டக்களப்பை ஒட்டித்தான் கரையேறியது. அப்படியென்றால் வாகரை, மூதூர்ப் பக்கம்தான் டோர்னாடோவைத் தேட வேண்டும். உங்கள் ஊர் தெற்கே, மையத்துக்குக் கிட்ட.

மையத்தருகே வேறொன்று உண்டு. 1992இல் ஃபுளோரிடாவை அடித்த ஆண்ட்ரூ சூறாவளியின் அழிவை ஆராய்ந்த டோர்னாடோ ஆய்வாளர் ஃபுஜிதா, சில இடங்களில் சேதம் குறுகிய கீற்றுகளாக விழுந்திருப்பதைக் கண்டார். புயலின் நடுவே அமைதியாக இருக்கும் கண்ணைச் சுற்றிய மேகச்சுவரில் எழும் குட்டிச் சுழல்களே காரணம் என்றார். அம்மம்மா சொல்வது இந்த வகையாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

விழுந்த மரங்களின் தலை எந்தப் பக்கம் கிடந்தது என்று அவரிடம் கேளுங்கள். எல்லாம் ஒரே பக்கமென்றால் நேர்காற்றே போதும். எங்கள் வளவில் அப்படித்தான் கிடந்தன. குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்திருந்தாலும் உடனே சுழல் என்று முடிவுகட்ட வேண்டாம். கண் கடந்து போனால் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும், முதலில் தப்பியது அப்புறம் மறுபக்கம் விழும். அடுத்த வளவில் நின்றவை இளந்தென்னைகளா என்பதையும் மறக்காமல் கேளுங்கள். நெட்டை மரம் முறியும் காற்றில் குட்டை மரம் தப்புவதற்குச் சுழல் எதுவும் தேவையில்லை.