அடுக்குகளை எப்போது கூட்டுவது, எப்போது பெருக்குவது?

(2க³ம)⁴ ÷ 8க⁵ம⁶ என்ற கோவையைச் சுருக்கினால் உங்களுக்கு க²/ம² வருகிறது, புத்தகத்திலோ 2க⁷/ம² என்று இருக்கிறது, எங்கே தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகம் சொல்வதுதான் சரி.

மாலையில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். இதே தப்பை அடிக்கடி பார்க்கிறேன். விதியை மனப்பாடம் செய்திருப்பார்கள், அது எங்கிருந்து வந்தது என்று யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். அடுக்கு என்பது வெறும் சுருக்கெழுத்து. 1637இல் இன்றைய வடிவில் அடுக்கை எழுதிக் காட்டிய பிரெஞ்சுக் கணித அறிஞர் டேக்கார்ட்கூட, இரண்டாம் படிக்குப் பெரும்பாலும் அதே எழுத்தை இரண்டு தடவைதான் எழுதினார். அதனால் சந்தேகம் வந்தால் விரித்து எழுதி எண்ணிவிடுங்கள்.

(க³)⁴ என்றால் க³×க³×க³×க³. மும்மூன்றாக நான்கு தடவை, ஆக 12 க. நீங்கள் 3ஐயும் 4ஐயும் கூட்டி 7 போட்டுவிட்டீர்கள். அது க³×க⁴ என்பதற்கான விடை. அடைப்புக்குறிக்குள் இருக்கும் 2க்கும் அந்த நான்கு உண்டு: 2×2×2×2 = 16. அங்கே 2×4 என்று 8 எழுதியிருப்பீர்கள், அது கீழே இருந்த 8உடன் அடிபட்டுப் போய்விட்டது.

இப்போது மேலே 16க¹²ம⁴, கீழே 8க⁵ம⁶. மேலும் கீழும் ஐந்து க அடித்தால் மேலே க⁷ மிஞ்சும். ம மேலே நான்கு, கீழே ஆறு. அடித்தால் கீழே இரண்டு நிற்கும். ம⁻² என்று எழுதுவதும் இதைத்தான். மேலும் கீழும் சமமாக இருந்து எல்லாமே அடிபட்டால் மிஞ்சுவது 1, அதனால்தான் ம⁰ = 1. பிள்ளைகள் பலர் இங்கே 0 போடுவார்கள்.

ஒன்று மட்டும் கவனம்: உள்ளே கூட்டல் குறி இருந்தால் அடுக்கைப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. (3+4)² என்பது 49, 3²+4² என்பது 25.

விடை சரியா என்று பார்க்க, எழுத்துக்குப் பதில் எண் போடுங்கள். க = 2, ம = 1 என்றால் நீங்கள் கேட்ட கோவையில் மேலே 16⁴, அதாவது 65,536. கீழே 8×32 = 256. வகுத்தால் 256. 2க⁷/ம² என்பதிலும் 2×128 = 256 வருகிறது. க²/ம² என்பதில் 4தான் வரும்.