பாரதியின் ‘இந்தியா’ பத்திரிகை புதுச்சேரியில் ஏன் நின்றது?

சென்னையில் நடந்த பத்திரிகை ஏன் புதுச்சேரிக்கு வந்தது, வந்த பிறகும் ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

‘இந்தியா’ 1906-இல் சென்னையில் தொடங்கிய வார இதழ். எழுத்தின் உயிர் பாரதி. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் சீனிவாசன். 1908-இல் ராஜத்துரோக வழக்கில் கைதாகி ஐந்தாண்டு தண்டனை பெற்றவரும் அவர்தான். அவரை நாம் அநேகமாக மறந்தேவிட்டோம். எனக்கு அது பெரிய வருத்தம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் ஆங்கிலேயரின் வாரண்ட் இங்கே செல்லாது. பாரதி வந்தார், பின்னாலேயே அச்சகமும் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் இதழ் மீண்டும் வெளிவந்தது. தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு வழி திறந்தது இதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அரசியல் புரிந்தது என்பதால், அதை இதழின் மிகப்பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

பத்திரிகையைக் கொன்றது தபால் வழி. வாசகர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் எல்லைக்குள், கடலூரிலும் சென்னையிலும் அதற்கு அப்பாலும் இருந்தார்கள். இதழ் அங்கே நுழையவே தடை வந்ததும் சந்தா வற்றியது. 1910 மார்ச்சில் நின்றுபோனது.

புதுச்சேரியில் இருப்பவரானால் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பாரதி வாழ்ந்த வீடு அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது.