வாசகர் கேள்வி: கணக்கில் புதைந்துபோகும் ஐந்து பேர்

கேள்வி: அணுகுண்டு சோதனையாலோ அணு உலை விபத்தாலோ காற்றில் பரவி மண்ணில் படியும் கதிரியக்கத் தூசு சிறிதளவே இருந்தால், அங்குள்ள மக்களிடம் புற்றுநோய் கூடியதாகப் புள்ளிவிவரம் காட்டுவதில்லை என்று படித்தேன். அப்படியானால் அதனால் கெடுதல் இல்லை என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ளக் கூடாது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகள் கவனித்துத் திரட்டிய தரவுகளை முதன்மை ஆதாரமாகக் கொண்டு, ஒரு சீவர்ட் (கதிர்வீச்சால் உடலுக்கு நேரும் பாதிப்பை அளக்கும் அலகு) கதிர்வீச்சு பெற்றால், உயிர்பறிக்கும் புற்றுநோய் நூற்றில் ஏறத்தாழ 5 பேருக்குக் கூடுதலாக வரும் என்று பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிடுகிறது. இதன்படி, ஒரு லட்சம் பேர் ஆளுக்கு 1 மில்லிசீவர்ட் (சீவர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெற்றால் கூடுதலாக 5 பேர் இறப்பார்கள். ஐந்தில் ஒருவர் புற்றுநோயால் இறக்கும் சமுதாயத்தில், எந்தத் தூசும் படியாமலேயே அந்த லட்சம் பேரில் 20,000 பேர் அந்நோயால் இறப்பார்கள். அந்த எண்ணிக்கையோ தற்செயலாகவே நூறு, நூற்றைம்பது கூடும் அல்லது குறையும். அந்த ஏற்ற இறக்கத்துக்குள் இந்த ஐந்து பேரை எந்த ஆய்வாலும் தேடி எடுக்க முடியாது. ஆனாலும் அவர்கள் ஐந்து குடும்பங்களின் மனிதர்கள்.

இயற்கையிலிருந்தே உலகச் சராசரியாக ஒருவர் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார் என்பதையும், மிகக் குறைந்த அளவிலும் இதே விகிதம் பொருந்துமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். பொருந்தும் என்று வைத்துக்கொண்டே பாதுகாப்பு விதிகள் வகுக்கப்படுகின்றன. அதுவே சரி என்பது என் கருத்து.

நோய் அரிதானதாக இருந்தால் கூடுதல் பளிச்சென்று தெரிந்துவிடும். 1986-இல் செர்னோபில் உலை வெடித்தபோது வெளியேறிய அயோடின்-131 என்ற கதிரியக்க அயோடின் புல்லில் படிந்தது; அதை மேய்ந்த பசுவின் பாலில் இறங்கியது; அந்தப் பாலைக் குடித்த குழந்தையின் கழுத்தில், சில கிராம் எடையே உள்ள தைராய்டு சுரப்பியில் போய்ச் சேர்ந்தது. சிறுவர்களிடம் மிக அரிதாகவே காணப்படும் தைராய்டு புற்றுநோய், பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் விபத்தின்போது 18 வயதுக்கு உட்பட்டிருந்தவர்களிடம் 2005-க்குள் 6,000-க்கும் மேல் பதிவாயிற்று. அதில் கணிசமான பங்குக்கு அந்தப் பாலே காரணம். அயோடின்-131-இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள்தான். 80 நாளில் அது ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். அந்தச் சில வாரங்களுக்கு உள்ளூர்ப் பாலை நிறுத்தியிருந்தாலே அக்குழந்தைகளில் பலர் தப்பியிருப்பார்கள் என்பதை நினைக்கும்போது மனம் ஆறவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2011 ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் சுமார் 3 லட்சம் சிறுவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் பரிசோதனை செய்ததில், எதிர்பார்த்ததைவிட அதிகமானவர்களிடம் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஆனால் அங்கே சிறுவர்கள் பெற்ற கதிர்வீச்சு செர்னோபிலைவிட மிகக் குறைவு என்பதால், அறிகுறியே இல்லாதவர்களையும் நுணுக்கமாகத் தேடியதன் விளைவே இது என்று ஐ.நா. அறிவியல் குழு முடிவு செய்திருக்கிறது.