பழைய கடனுக்குப் புதுக் கையெழுத்து வேண்டாம்

கேள்வி: குடியாத்தத்தில் தறி வேலை பார்க்கிறேன். 2016 ஜூனில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் 1,80,000 ரூபாய் பர்சனல் லோன் வாங்கினேன், 36 தவணை. அம்மாவின் வைத்தியச் செலவால் 2018 மார்ச்சோடு நின்றுவிட்டது. பல வருஷம் யாரும் கேட்கவில்லை. இப்போது ஒரு ஏஜென்ட் தெருவே கேட்கும்படி வாசலில் நின்று பேசுகிறார். 5,000 கட்டி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் சிபிலை, அதாவது என் கடன் வரலாற்றுப் பதிவை, சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். சிபிலைக் காட்டித்தான் பேங்கில் வீட்டுக் கடன் மறுத்தார்கள். மூன்று வருஷம் தாண்டினால் கடன் செல்லாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஏஜென்ட் பேசிய பேச்சுக்குக் கம்பெனிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம். ஆனால் அதனால் கடனில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. அம்மாவின் வைத்தியச் செலவையும் கோர்ட் கணக்கில் எடுக்காது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: 2018 மார்ச்சுக்குப் பிறகு எந்தத் தாளிலாவது கையெழுத்துப் போட்டீர்களா, பணம் ஏதாவது கட்டினீர்களா?

இல்லையென்றால் லிமிடேஷன், அதாவது வழக்குப் போடுவதற்கான காலக்கெடு, முடிந்துவிட்டது. கடைசித் தவணை 2019 ஜூனில் வந்திருக்கும். அதிலிருந்து மூன்று ஆண்டு. கொரோனாவுக்காக 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து விலக்கியது. அதையும் சேர்த்தால் 2024 நடுவோடு சரி. அதன்பின் போடும் வழக்கு நிற்காது.

ஆனால் வழக்குப் போடும் உரிமைதான் போகிறது, கடன் போவதில்லை. சிபிலும் லிமிடேஷனைப் பார்ப்பதில்லை. கடன் விவரத்தைக் குறைந்தது ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஏழாம் ஆண்டு தானாக அழிந்துவிடும் என்று பலர் தவறாக நினைத்துக் காத்திருக்கிறார்கள்.

என் பயமெல்லாம் அந்தக் கடிதத்தின் மேல்தான். பேரணாம்பட்டிலிருந்து ஒருவர் வந்தார். டைம் பார் ஆன, அதாவது லிமிடேஷன் தாண்டிய கடன். 2,000 கட்டிவிட்டு, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வெள்ளைத் தாளில் நாலே வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். மூன்றாவது வரி: 'மீதியை மாதம் 3,000 வீதம் கட்டித் தீர்ப்பேன்'. கட்டிய 2,000 மட்டும் செத்த கடனை எழுப்பாது. அந்த வரி எழுப்பிவிட்டது. டைம் பார் ஆன கடனைத் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது செல்லும் ஒப்பந்தம் என்கிறது ஒப்பந்தச் சட்டம் 25(3). மூன்று ஆண்டு புதிதாக ஓட ஆரம்பித்துவிட்டது. புது புரோநோட்டும் அப்படித்தான். செக் கொடுத்துத் திரும்பினால் அதற்கான 138-ஆம் பிரிவுக் குற்ற வழக்கு வேறு. லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் வந்து சத்துவாச்சாரி கோர்ட்டுக்குப் போனால், அங்கே தவணைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுமுன் நன்றாக யோசியுங்கள். அது டிக்ரிக்கு (கோர்ட்டின் தீர்ப்பாணை) சமம், அப்பீல் கிடையாது, 12 ஆண்டு வரை நிறைவேற்றலாம்.

இன்னொன்று. முன்பே உங்கள் மேல் எக்ஸ்பார்ட்டி டிக்ரியோ (நீங்கள் ஆஜராகாமல் ஆன தீர்ப்பு) ஆர்பிட்ரேஷன் அவார்டோ (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் தந்த தீர்ப்பு) ஆகியிருந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். பழைய வீட்டு விலாசத்துக்குப் போய்த் திரும்பிய ரிஜிஸ்டர் தபால்களில் பல வழக்குகள் இப்படி முடிந்திருக்கின்றன. இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஆர்பிட்ரேஷன் அதில் தெரியாது, கம்பெனியிடமே கேளுங்கள். கேட்கும் கடிதத்தில் "நான் தர வேண்டிய பாக்கி" என்று எழுதாதீர்கள்.

உங்களுக்கு வேண்டியது வீட்டுக் கடன் என்பதால் பட்டவர்த்தனமாகச் சொல்கிறேன்: லிமிடேஷனைப் பிடித்துக்கொண்டு உட்காராமல் பேசி முடியுங்கள், ஒரே தவணையில். கையில் முழுப் பணம் சேரும்வரை பேச்சையே எடுக்காதீர்கள். தள்ளுபடி வாங்கினால் சிபிலில் 'செட்டில்டு' என்று ஏறும், பேங்க் மேனேஜர் அதைப் பார்த்தும் தயங்குவார். வட்டியைப் பேசிக் குறைத்தாலும் 'க்ளோஸ்டு' (கணக்கு முடிந்தது) என்று பதியச் சம்மதிப்பதாகக் கம்பெனியின் லெட்டர்பேடில் முதலில் வாங்குங்கள். பணத்தை லோன் அக்கவுண்ட்டிலேயே போடுங்கள், ஏஜென்ட்டின் ஜிபேயில் வேண்டாம். நோ டியூ (பாக்கி இல்லை) சான்றிதழ் வந்தபின்னும் சிபில் மாறவில்லையென்றால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் திருத்தாவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.