வாசகர் கேள்வி: நாலு லட்ச ரூபாய் ஆம்ப் வாங்கலாமா?

கேள்வி: ஷோரூமில் 80 ஆயிரம் ரூபாய் ஆம்ப் (ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்), 4 லட்ச ரூபாய் ஆம்ப் இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். விலை கூடியதில் குரல் தனியாக எழுந்து நின்றது, வீணை மீட்டு கையருகே கேட்டது. கூட வந்த என் மனைவியோ இரண்டும் ஒன்றுதான் என்கிறார். யார் காதை நம்புவது, சார்? வீட்டில் பாட்டுக் கேட்கும் அறை 10க்கு 12 அடி, உயரமும் 10 அடி, டைல்ஸ் தரை. (கோவை வாசகர்)

பதில்: இரண்டு பேர் காதிலும் கோளாறு இல்லை. கடையில் இரண்டு ஆம்பும் ஒரே சத்தத்தில் பாடினவா என்பதுதான் என் முதல் கேள்வி. வால்யூம் குமிழ் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் இருந்தது என்பீர்கள், அது கணக்கில் சேராது. உள்ளே வரும் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குவது என்பது ஆம்புக்கு ஆம்ப் மாறும், அதனால் குமிழ் ஒரே இடத்தில் நின்றாலும் ஒன்று மற்றதைவிட ஒரு டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) அதிகமாகப் பாடலாம். அந்த ஒரு டெசிபல் நமக்குச் சத்தமாகத் தெரியாது. குரல் தெளிவாக இருக்கிறது, பேஸ் (கீழ் ஸ்தாயி ஒலி) ஆழமாக இறங்குகிறது என்றுதான் தோன்றும். இதை நான் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் இதே மாதிரி மயங்கி ஒரு ஆம்பை வாங்கி வந்து, வீட்டில் பழையதையும் பக்கத்தில் வைத்து, அளவைச் சமப்படுத்திக் கேட்டபோது எது பாடுகிறது என்று என்னால் சொல்லவே முடியவில்லை. கடைக்காரரிடம் போய்க் கேட்டேன், 'இருநூறு மணி நேரம் ஓடட்டும் சார், அப்புறம் பாருங்க' என்றார். ஓடவிட்டேன், ஒன்றும் மாறவில்லை. அந்தப் பணம் ஸ்பீக்கருக்குப் போயிருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்னும் எனக்கு உண்டு.

ஆகவே ஆம்பை இரண்டு நாள் வீட்டுக்குத் தரச் சொல்லுங்கள். இந்த விலைக்கு அதைக்கூடச் செய்யாத கடையில் வாங்க வேண்டாம். 100 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் (விநாடிக்கு நூறு தடவை அதிரும் ஒரே சீரான ஒலி) ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கரின் பின்னால் வயர் மாட்டும் இடத்தில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அளந்து பாருங்கள் (தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கம் காட்டும் மீட்டராக இருக்கட்டும், அதன் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது). ஒன்றில் 1.00 வோல்ட் என்றால் மற்றதிலும் 0.99க்கும் 1.01க்கும் நடுவில் வரும்படி வால்யூமை வையுங்கள். வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் அடங்கிவிடும். பிறகு இரண்டு ஆம்பையும் பெட்ஷீட்டால் மூடிவிட்டு, உங்கள் மனைவியைப் பூவா தலையா போடச் சொல்லுங்கள். பூ விழுந்தால் இது, தலை விழுந்தால் அது. அவர் ஆம்பை அணைத்து வயரை மாற்றும்போது நீங்கள் வெளியே இருங்கள், நீங்கள் கேட்கும்போது அவர் வெளியே இருக்கட்டும், ஏனென்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். 16 தடவை செய்து எது பாடியது என்று எழுதி வையுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரி என்றால் வித்தியாசம் உண்மை, தாராளமாக வாங்குங்கள். வெறும் ஊகத்தில் 12 வருவதற்கு நூற்றில் நாலு வாய்ப்புக்கூட இல்லை. எட்டு, ஒன்பது என்று நின்றால் பணத்தை வங்கியிலேயே விடுங்கள். கண்ணை மறைப்பதை யாரும் அவமானமாக நினைக்க வேண்டாம். ஒலி ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் ஸ்பீக்கர்களை வைத்து இதைச் செய்தார்கள், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது கொடுத்த மதிப்பெண்ணும் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டபோது கொடுத்ததும் மாறிப்போயின.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் உங்கள் அறை. 12 அடி நீளமுள்ள அறை 47 ஹெர்ட்ஸ் பக்கம் தானாகவே முழங்கும், 10 அடி அகலம் 56 ஹெர்ட்ஸில் முழங்கும். உங்களுக்கு உயரமும் 10 அடி என்பதால் அதுவும் அதே 56-இல் போய்ச் சேர்ந்துகொள்கிறது. பேஸ் கிட்டாரின் ஏ தந்தியைச் சும்மா மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். அதனால் பாட்டில் அந்த ஒரு ஸ்வரம் வரும்போது மட்டும் அறை 'கும்' என்று நிறைந்து, அடுத்த ஸ்வரம் மெலிந்து போகும். ஆம்பின் விலை கூடியது என்பதால் மட்டும் இது திருந்தாது. நாற்காலியைப் பின்சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னால் இழுங்கள், ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள், அரை அடி அரை அடியாக நகர்த்தி அதே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். அப்புறம் அறை நடுவில் நின்று கை தட்டுங்கள். தட்டிய பிறகு சுவர்களுக்கு நடுவே 'ட்ரிங்' என்று ஒரு நடுக்கம் ஓடினால் தடிமனான தரைவிரிப்பும், கனமான திரைச்சீலையும், சுவரோரம் ஒரு புத்தக அலமாரியும் போடுங்கள். அவை பேஸைத் தொடாது, ஆனால் குரலில் இருக்கும் கூச்சலைக் குறைக்கும். உங்கள் மனைவிக்கும் அந்த வித்தியாசம் கேட்கும்.

கேள்வி: மூன்று மீட்டர் ஸ்பீக்கர் கேபிள் 60 ஆயிரம் சொல்கிறார்கள். கேட்டால் தெரியுமா? (மதுரை வாசகர்)

பதில்: தெரியாது. எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் மூன்று மீட்டர் போய்த் திரும்ப மொத்த மின்தடை 0.05 ஓமுக்கும் குறைவு, ஸ்பீக்கரோ வழக்கமாக 8 ஓம், அதன் முன்னால் வயரின் தடை ஒரு பொருட்டே இல்லை. சிவப்பு முனைக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று மட்டும் கவனமாக மாட்டுங்கள், ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டால் பேஸ் பெரும்பாலும் காணாமல் போகும்.

கேள்வி: சிடியை விட 24 பிட் ஹை-ரெஸ் ஃபைல் (சிடியின் 16 பிட்டைவிட நுணுக்கமாக ஒலியைப் பதிந்தது) நன்றாகக் கேட்கிறதே, அதுவும் மனப்பிரமையா? (திருச்சி வாசகர்)

பதில்: பிரமை என்று சொல்ல மாட்டேன், நீங்கள் கேட்ட வித்தியாசம் நிஜமாக இருக்கலாம். ஆனால் காரணம் பிட் கணக்கு இல்லை. அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் ஹை-ரெஸ் டிஸ்க்குகளை நேராகவும், நடுவில் சிடி தரத்துக்கு, அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கியும் பலருக்குப் போட்டுக் காட்டி 2007-இல் முடிவை வெளியிட்டார்கள்: 554 தடவையில் 276 தடவைதான் சரியாகச் சொன்னார்கள். பூவா தலையா போட்டாலும் அவ்வளவுதான் வரும். ஹை-ரெஸ் என்று விற்கும் பதிப்பைப் பல நேரம் மூல டேப்பிலிருந்து புதிதாக, அக்கறையோடு மாஸ்டர் செய்திருப்பார்கள், அதாவது வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்படுத்தியிருப்பார்கள். பழைய பாட்டுகளின் சில சிடிகளில் இரைச்சலை எடுக்கப்போய்ப் பாடகரின் மூச்சையும் ஜாலராவின் மினுக்கத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். உங்கள் ஹை-ரெஸ் ஃபைலையே கம்ப்யூட்டரில் 16 பிட், 44.1-க்கு மாற்றி இரண்டையும் பார்க்காமல் கேளுங்கள். ஒன்றாகவே கேட்டால் இனி எந்த ஆல்பத்தில் மாஸ்டரிங் நல்லது என்று தேடி வாங்குங்கள், அது சிடியாகவே இருந்தாலும் சரி.